மூன்று மணி நேரப் பாடமும் மீதி நாளும்

பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கலாம் என்ற பேச்சு எழும் வீடுகளில் பாட்டியோ தாத்தாவோ முதலில் கேட்பது, "சரி, காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் புள்ள என்னதான் பண்ணும்?" என்பதைத்தான். சட்டம், சான்றிதழ், செலவு எல்லாம் அப்புறம் வரும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் பெற்றோரிடம் பெரும்பாலும் இரண்டு பதில்களே தயாராக இருக்கின்றன. ஒன்று, பள்ளிக்கூடத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருவது: ஒன்பது மணிக்கு மேசை, நாற்பது நிமிடத்துக்கு ஒரு பாடம், சுவரில் கால அட்டவணை, நான்கு மணிக்கு விடுதலை. மற்றொன்று, பிள்ளையை அதன் போக்கில் விட்டால் தானே கற்றுக்கொள்ளும் என்பது. முதல் வகை வீட்டில் இரண்டு மாதத்தில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இரண்டாம் வகை வீட்டில் பேச்சுக்குக் குறைவிருக்காது, எட்டு வயதில் கடன் வாங்கிக் கழிக்கத்தான் வராது. இந்த அதிகாரம் வேறொரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. பாடத்துக்குத் தேவையான நேரம் நாம் பயப்படுவதைவிடக் குறைவு. பாடம் முடிந்தபின் கிடக்கிற நேரம் பெரிது. அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை வைத்துத்தான் வீட்டுவழிக் கல்வி தேறும், அல்லது கோட்டைவிடும். திருவண்ணாமலையை முன்வைத்துப் பேசக் காரணம் உண்டு. செங்கம் சாலைப் பக்கமும் கிரிவலப் பாதையை ஒட்டிய கிராமங்களிலும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து தங்கிய குடும்பங்களில் சில, பிள்ளைகளை இப்படித்தான் வளர்க்கின்றன. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு உள்ளூர்க் குடும்பங்களும் யோசிக்கின்றன.

முதலில் மணிக்கணக்கு. 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை வகுத்திருக்கிறது. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல். 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். அதாவது சட்டம் கேட்பதே தொடக்க வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 4 மணி நேரம்தான். அதே சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஆசிரியர் தன் 240 நிமிடத்தையும் வருகைப் பதிவு, நோட்டுத் திருத்தம், சண்டைத் தீர்ப்பு எதுவுமில்லாமல் சரிசமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளைக்கு 8 நிமிடம் கிடைக்கும். வீட்டில் நிலைமை வேறு. ஞாயிறும் பண்டிகையும் போக ஆண்டுக்கு 300 நாள் உட்கார முடிந்தால், 800 மணி நேரம் என்பது நாளுக்கு 2 மணி 40 நிமிடம். 1,000 மணி நேரம் என்பது 3 மணி 20 நிமிடம். அந்த நேரம் முழுவதும் ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்கிறார். ஆறேழு வயதுக் குழந்தைக்கு ஒன்றரை மணி நேரமே தாராளம். பத்து வயதுக்கு மேல் மூன்று மணி நேரம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகும் ஆண்டில் மட்டும் ஐந்து மணி நேரம் வரை போகலாம்.

தனியாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் கல்வி வேகமாக ஏறும் என்பதற்கு அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வகுப்பறையில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்கிறது அது. பின்னாளில் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. பலன் உண்டு, ஆனால் அளவு அதைவிடக் கணிசமாகக் குறைவு. எனவே வீட்டில் படித்தால் பிள்ளை மேதையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூன்று மணி நேரம் போதும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வகுப்பறையில் பக்கத்துப் பையன் கேட்கும் கேள்வியிலிருந்தும் அவன் செய்யும் தவற்றிலிருந்தும் பிள்ளை கற்கிறது என்பதும் மெய்தான். வீட்டில் அது இல்லை. அந்த இழப்பை வேறு வழியில்தான் ஈடுகட்ட வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டில் இருப்பதே கல்வி என்று நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடே ஒரு பெரிய சோதனை நடத்திக் காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. கிட்டத்தட்ட 19,000 குழந்தைகளை வைத்துப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் செய்த ஆய்வில், அந்த இடைவெளியில் கணக்கில் பெரும் சரிவும் தமிழில் அதைவிடக் குறைந்த சரிவும் தெரிந்தன. பிள்ளைகள் அத்தனை மாதம் வீட்டில்தான் இருந்தார்கள். வீடு இருந்தது, நேரம் இருந்தது, பல வீடுகளில் போனும் இருந்தது. பக்கத்தில் உட்காரத் தோதான பெரியவர்தான் இல்லை. ஆய்வின் மறுபாதி இன்னும் முக்கியம். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். தெருவில் ஒரு தன்னார்வலர் சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. ஒழுங்காகத் தினமும் நடந்தால் ஒரு மணி நேரத்துக்கே பலன் உண்டு, ஆள் இல்லாவிட்டால் பத்து மணி நேரமும் வீண் என்று இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படிக்கலாம். வீட்டுவழிக் கல்விக்கு ஆதரவாகவும் எதிராகவும் இதைவிட நல்ல சான்று நம் கையில் இல்லை.

இனி நாளுக்கு வருவோம். திருவண்ணாமலை வெயில் ஊர். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் ஓட்டு வீட்டிலோ தகர ஷெட்டிலோ பிள்ளை கணக்குப் போடாது. ஆகவே கடினமான பாடம் எதுவோ அது காலை உணவு முடிந்த கையோடு வர வேண்டும். எட்டு, எட்டரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் கணக்கும் தமிழும் முடியும். அரை மணி இடைவெளிக்குப் பிறகு ஆங்கிலமோ அறிவியலோ ஒரு மணி நேரம். சமச்சீர்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2018 முதல் வந்த புதிய நூல்கள் தரமாகவும் இருக்கின்றன. விலை கூடிய வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை வாங்கி அடுக்கிவிட்டுப் பிறகு அதற்கு விளக்கம் தேடுவதைவிட, இந்த நூல்களை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு விருப்பப்படி விரிப்பது நல்லது. அட்டவணையை நிமிடக்கணக்கில் போடாதீர்கள். இரண்டு நேரங்களை மட்டும் அசையாமல் வைத்தால் போதும்: காலையில் உட்காரும் நேரம் ஒன்று, இரவு நாட்குறிப்பு எழுதும் பத்து நிமிடம் ஒன்று. இடையில் உள்ளவை முன்னே பின்னே போகலாம். வீட்டில் இரண்டு, மூன்று பிள்ளைகள் இருந்தால் பெரியவள் சின்னவனுக்கு வாசித்துக் காட்டும் அரை மணி, இருவருக்கும் பாடம்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்து அவளைச் சம்பளமில்லாத டீச்சராக்கிவிடக் கூடாது.

பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்த மாவட்டத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பஞ்சமில்லை. பின்னமும் சதவீதமும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வாரத்தில் ஒரு கிலோ மல்லாட்டையைத் தோலோடு வாங்கி நிறுத்துவிட்டு உரிக்கவைக்கலாம். பருப்பு ஏறத்தாழ 700 கிராம் தேறும், மீதி தொலி. அடுத்த கடையில் வாங்கிய கிலோவில் 650 கிராம்தான் தேறினால், எந்தக் கடை லாபம் என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். தோலோடு கிலோ என்ன விலை, உரித்த பருப்பு கிலோ என்ன விலை, உரிக்கும் கூலியைச் சேர்த்தால் எது கட்டுபடியாகும் என்று கேள்வி நீளும். பதம் பார்க்க வாயில் போட்டதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விடை உதைக்கும். இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். பாடநூலில் உள்ள பத்துக் கணக்குகளை அதற்குப் பிறகு அரை மணியில் போட்டுவிடலாம். அந்தப் பத்தையும் போடாமல் விட்டுவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. கையால் செய்த வேலை புரியவைக்கும். பயிற்சிக் கணக்குகள்தான் அதை மனத்தில் நிறுத்தும்.

நண்பகலுக்கு மேல் இரண்டு மணி நேரம் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். சாப்பாடு, தூக்கம், தானாக வாசிப்பது, ஒன்றும் செய்யாமல் கிடப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள். "போரடிக்குது" என்ற முறையீடு இந்த நேரத்தில்தான் வரும். வந்தவுடன் போனைக் கொடுக்கும் வீட்டில் மீதி நாளைப் போனே எடுத்துக்கொள்ளும். மூன்றரைக்கு மேல் வெளியே. இங்கேதான் இந்த ஊர் கைகொடுக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் எட்டுத் திசைக்கு ஒன்றாக இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒரே நாளில் சுற்றிவிட்டால் கால் வலிதான் மிச்சம். வாரத்துக்கு ஒரு லிங்கம் என்று போய், அங்கிருந்து மலை எந்தத் திசையில் தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று பார்த்து வரைந்துகொண்டு வந்தால், கிழக்கு என்று பெயர்பெற்ற இடத்திலிருந்து மலை மேற்கே தெரிகிறதே என்ற குழப்பம் எழும். எதிலிருந்து பார்த்துக் கிழக்கு என்பது புரிந்த பிள்ளைக்கு வரைபடம் பிடிபட்டுவிடும். பௌர்ணமி இன்னொரு பாடம். மாதாமாதம் ஊர் நிரம்பும் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, 29-ஆம் நாளா 30-ஆம் நாளா என்று பார்த்துவந்தால், சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாள் என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்ளலாம். பௌர்ணமியன்று பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்துவார்கள், பாதையோர வீடுகளில் வாசலைத் திறக்க முடியாது. அன்று பாடம் வேண்டாம், விடுமுறை விட்டுவிடுங்கள். கார்த்திகை தீபத்தின் பத்து நாளும் அப்படியே.

கோபுரத்தை விட்டுவிட்டு இந்த ஊரில் கணிதம் பேச முடியாது. ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி என்று எல்லாப் பலகையிலும் இருக்கிறது. அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை சரிபார்க்கலாம். ஒரு கோணமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டால் கருவி தயார். கோபுர உச்சி 45 பாகையில் தெரியும் இடத்தைத் தேடி நின்று, அங்கிருந்து கோபுரம் வரை உள்ள தூரத்தை அளந்தால் அதுவே உயரம். மண்டபமும் பந்தலும் மறைக்கும், இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் விடை குறைவாகத்தான் வரும். குறைவதற்கு இரண்டு காரணம். அளவு எடுத்தவரின் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கிறது, அதைக் கூட்டவில்லை. இரண்டாவது காரணம் நுட்பமானது: உச்சிக்கு நேர்க்கீழே உள்ள இடம் கோபுரத்தின் முன்சுவரில் இல்லை, வாசலுக்குள்ளே நடுவில் இருக்கிறது. கோபுரத்தின் அகலத்தில் பாதியைச் சேர்த்தால்தான் கணக்கு நெருங்கும். அந்தத் தப்பைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும், முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இவ்வளவையும் படித்த தமிழ் வாசகருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டோடும் ஊரோடும் என்றால், இது 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அல்லவா? ஊரகத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம் அது. குலக்கல்வி என்று பெயர்பெற்று, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-ல் ராஜாஜி பதவி விலகி காமராஜர் வந்ததும் கைவிடப்பட்டது. இந்த எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. அரசு எல்லோர்மீதும் சுமத்தியது வேறு, ஒரு குடும்பம் தானே தேர்ந்தெடுப்பது வேறு என்று பதில் சொல்வது எளிது. அது பாதிப் பதில்தான். குலக்கல்வியின் குற்றம் மூன்று மணி நேரம் என்பதில் இல்லை. பிள்ளையின் மீதி நாளை அப்பனின் உலகத்துக்குள் பூட்டிவைத்ததில் இருந்தது. அந்தக் குற்றத்தை மென்பொருள் நிறுவனத்தில் வேலைபார்க்கும் பெற்றோரும் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியவரும் செய்யலாம். பிள்ளை பழகுவது தன் சாதிக்காரரோடும் தன் வசதிக்காரரோடும் மட்டுமே என்றால், பாடம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது குலக்கல்விதான். பள்ளிக்கூடம் தன் குறைகளோடும் பலதரப்பட்ட பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைக்கிறது. ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறும் போடுகிறது.

நம் முன்னோர் வீட்டில்தானே கற்றார்கள் என்று பழம்பெருமை பேசுவோருக்கும் இதே பதில்தான். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் உள்நாட்டுக் கல்வியைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். சென்னை நகரிலிருந்து வந்த கணக்கில், வீட்டில் கற்றவர்கள் 26,000-க்கு மேல், பள்ளியில் கற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று இருந்தது. அந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே 1826-ல் எழுதிய குறிப்பில் சந்தேகப்பட்டார். எண் சரியென்றே வைத்துக்கொண்டாலும், வீட்டில் ஆசிரியர் வைத்துக் கற்கும் வசதி எந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இருந்திருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பிற்பகலுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வாரத்தில் பாதிப் பிற்பகல்களாவது சொந்தக் குடும்பத்துக்கும் சொந்த வட்டத்துக்கும் வெளியே கழிய வேண்டும். உழவர் சந்தையில் தக்காளி விலையை வாராவாரம் குறித்துக்கொண்டு, விற்பவரிடமே ஏன் ஏறியது என்று கேட்கலாம். தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கபடியோ கிரிக்கெட்டோ ஆடும் நேரம் நாலரை முதல் ஆறரை; அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை அங்கே இருக்க வேண்டும், ஆன்லைன் வகுப்பில் இருக்கக் கூடாது. மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். எழுத்தாளர் பவா செல்லதுரை கதை சொல்லும் ஊர் இது. பெரியவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் கதை கேட்பது பத்து வயதுப் பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பாடம். கணத்தம்பூண்டியில் 2009-ல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் சிங்காரப்பேட்டையை அடுத்த குக்கூ காட்டுப்பள்ளி போன்ற இடங்களில் பட்டறைகளும் கூடுகைகளும் நடக்கும்போது விசாரித்து அழைத்துப்போகலாம். மருதம் ஒரு பள்ளி. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கான மாற்று ஏற்பாடாக அதை நினைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். மாதம் ஒருமுறை கொஞ்சம் தொலைவாகப் போக முடிந்தால் ஜவ்வாது மலையில் காவலூர் வானியல் ஆய்வகம், சாத்தனூர் அணை, செஞ்சிக் கோட்டை மூன்றும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு இந்த ஊரில் வளர்ந்தும் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாத பிள்ளை, ஊரில் வளர்ந்த பிள்ளை ஆகாது. காலைப் பாடத்தில் தமிழுக்கு இடமில்லாவிட்டால் சாயங்கால விளையாட்டிலும் அதற்கு இடமிருக்காது.

இத்தனைக்கும் யார் நேரம் ஒதுக்குவது? பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கேதான் மழுப்புகின்றன. 2019-ல் எடுக்கப்பட்ட இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஏற்கெனவே ஐந்து மணி நேரம் சமையல், துவையல், தண்ணீர் என்று ஓடும் ஒருவர் தலையில் மூன்று மணி நேரப் பாடத்தையும் மூன்று மணி நேரப் பிற்பகலையும் ஏற்றினால் அது கல்வித் திட்டமில்லை, சுரண்டல். "நான் சம்பாதிக்கிறேன், அவ பாத்துக்குவா" என்று தொடங்கும் வீடுகளில் முதலில் களைப்பு வரும், பிறகு எரிச்சல், கடைசியில் பிள்ளைக்கு அடி. ஆகவே தொடங்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து வாரத்தின் ஏழு காலைகளையும் ஏழு பிற்பகல்களையும் ஒரு தாளில் எழுதி, எது யாருடையது என்று பெயர் போட வேண்டும். அப்பாவின் பெயர் குறைந்தது ஐந்து இடத்திலாவது வரவில்லை என்றால் திட்டத்தைக் கைவிடுங்கள். பாடத்தை அப்பா எடுக்க முடியாவிட்டால் அந்த நேரத்துச் சமையலை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு, மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. ஒரே அம்மா எல்லா நாளும் உட்காருவதைவிட மூன்று பெரியவர்கள் மாறி மாறி உட்கார்ந்தால் பிள்ளைக்கும் மூன்று விதமான பேச்சு கிடைக்கும். வகுப்பறையில் பக்கத்துப் பையனால் கிடைத்திருக்கும் லாபமும் ஓரளவு திரும்பி வரும்.

சட்டமும் தேர்வும் வேறு அதிகாரத்துக்கு உரியவை என்றாலும், நாள் நடத்தும் விதத்தை அவை பாதிப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. தாமாக விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012-ல் மத்திய அரசு டெல்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆனால் வீட்டுவழிக் கல்வியை வெளிப்படையாக அங்கீகரிக்கும் சட்டம் எதுவும் இல்லை. தெளிவில்லாத நிலைதான். பள்ளிசெல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வரும் ஆசிரியர் உங்கள் கதவையும் தட்டுவார். அவர் தன் கடமையைச் செய்கிறார். உழைக்க அனுப்பப்பட்ட பிள்ளைகளையும் குழந்தைத் திருமணத்துக்கு நிச்சயிக்கப்பட்ட பிள்ளைகளையும் அந்தக் கணக்கெடுப்புதான் கண்டுபிடிக்கிறது. அவரிடம் சட்டம் பேசாமல் உட்காரவைத்து நோட்டுகளைக் காட்டுங்கள். இரவில் எழுதும் அந்தப் பத்து நிமிட நாட்குறிப்பு இதற்கும் உதவும். தேதி, செய்தது, பிள்ளை கேட்ட கேள்வி என்று மூன்று வரி இருந்தால் போதும்.

தேர்வுக்கு இரண்டு வழி வழக்கத்தில் இருக்கிறது. மாநிலத் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதுவது ஒன்று. என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்லப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிந்து எழுதுவது மற்றொன்று. என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம், ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. இந்தத் தளர்வால்தான் பதின்மூன்று வயதுவரை காலை மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது. மாநில அரசு வேலையை மனத்தில் வைத்திருக்கும் குடும்பம் மட்டும், இந்தச் சான்றிதழின் இணைத்தன்மையைப் பதியும் முன்பே அரசு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. ரமண மகரிஷி 1896-ல் பதினாறு வயதில் பள்ளிப்படிப்பை விட்டுத்தானே இந்த ஊருக்கு வந்தார் என்று இங்கே யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அவர் எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் இது ஆகாது. இருவரும் விடிந்தால் வேலைக்குப் போகிற வீட்டுக்கு ஆகாது. பள்ளியின் காலை உணவையும் மதிய உணவையும் நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. ஆசிரியரிடம் அடிவாங்கியோ, கேலிக்கு ஆளாகியோ, படிப்பில் தடுமாறியோ பள்ளியை வெறுத்த பிள்ளைக்கு ஓராண்டு இடைவெளியாக இது பயன்படலாம், ஆனால் முதலில் வேறு பள்ளியைத் தேடிப் பாருங்கள். தீர்மானிக்கும் முன் அரையாண்டு விடுமுறையில் சோதித்துப் பார்க்கலாம். பெயர் போட்ட அந்தத் தாளின்படி எட்டு நாள் காலையும் பிற்பகலும் யார் உட்கார்ந்தார்கள், யார் சாக்குச் சொன்னார்கள் என்று நேர்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டில் இரண்டு நாள் ஆள் வரவில்லை என்றால், ஜனவரியில் பள்ளி திறந்ததும் பிள்ளையை அனுப்பிவையுங்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தாலும் கவலை இல்லை: 14 வயதுவரை, ஆண்டின் எந்த மாதத்திலும், வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள அரசுப் பள்ளி சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது.